கசாயும் நாகானோவும்

ஐயா,

ஜப்பானியப் பனிச்சறுக்குத் தாவல் வீரர் நொரியாகி கசாயைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரது வயதையே வியக்கிறார்கள். ஹொக்கைடோ தீவின் ஷிமோகாவாவில் 1972இல் பிறந்து, 1992 முதல் 2018 வரை தொடர்ந்து 8 குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றவர் என்பதால் அது இயல்பே. ஆனால், எனக்கு முக்கியமாகப் படுவது 1998ஆம் ஆண்டின் நாகானோ ஒலிம்பிக்தான். சொந்த மண்ணில் நால்வர் கொண்ட ஜப்பான் அணி அணிப் போட்டியில் தங்கம் வென்றபோது, அந்த நால்வரில் அவர் இல்லை. அதன் பிறகும் ஓய்வு பெறாமல் 16 ஆண்டுகள் தாவிக்கொண்டே இருந்தவர், 2014இல் சோச்சியில், தமது 41ஆம் வயதில், பெரிய குன்றுப் போட்டியில் (பெரிய தாவுதளத்திலிருந்து தாவும் தனிநபர் போட்டி) போலந்தின் கமில் ஸ்டோக்கிடம் வெறும் 1.3 புள்ளியில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி பெற்றார். அதே ஆண்டு நவம்பரில், பின்லாந்தின் ரூகாவில் உலகக் கோப்பைப் போட்டி ஒன்றிலும் முதலிடம் பிடித்தார்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி