ஓமானில் மழையும் உண்டு, மலையும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வளைகுடா நாடுகள் கட்டுரையில் ஓமானுக்கு நான்கே வரிதான். பாலைவனம், எண்ணெய், அரபிகள், முடிந்தது. ஓமானின் தென்கோடியில் இருக்கும் ஸலாலாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு இதைப் படித்து மனசு ஆறவில்லை.

மஸ்கட்டிலிருந்து ஸலாலா சுமார் 1,000 கிலோமீட்டர். வழி நெடுக மணலும் சரளையும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜூன் கடைசியில் அங்கே போய்ப் பாருங்கள். கேரளத்துக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று கடலோர மலையில் முட்டி நிற்கும். செப்டம்பர் வரை மூடுபனி, தூறல். ‘கரீஃப்’ என்பார்கள். மொட்டையாகக் கிடந்த மலை பச்சைப் பசேலென்று ஆகிவிடும். சரிவு வழுக்கும் என்று ஒட்டகங்களைக் கீழே ஓட்டி வருவார்கள். அவை ரோட்டை அடைத்து நிற்கும், வண்டிகள் காத்துக் கிடக்கும். ரோட்டோரக் கடைகளில் வாழைத்தாரும் இளநீரும். முதல் வருடம் நாகர்கோவில் பக்கம் வந்துவிட்டோமோ என்றுதான் தோன்றியது.

மலையைத் தாண்டினால் தூறல் நின்றுவிடும். சாம்பிராணிபோல் புகைக்கும் லுபான் மரங்கள் அந்த வறண்ட பக்கத்தில்தான் இருக்கின்றன. பட்டையைக் கொஞ்சம் சீவிவிடுவார்கள். பால்போலக் கசிந்து இறுகுவதைச் சில நாள் கழித்துச் சுரண்டி எடுப்பார்கள். இந்தப் பிசினைக் கப்பலேற்றிய பழைய துறைமுகம், கோர் ரோரியில் உள்ள சும்ஹுரம். அங்கே 2006-ல் கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ் இதழ் ஒன்று ஓமானைப் பற்றி எழுதும்போது இதை விடலாமா?

அப்புறம் மக்கள். ஸலாலாவைச் சுற்றியுள்ள தோஃபார் பகுதியின் மலைக்காரர்கள் வீட்டில் பேசுவது ஜிப்பாலி. அரபி மட்டும் தெரிந்தவருக்கு அது புரியாது. வடக்கே பலூச்சி பேசுகிறவர்கள் உண்டு. இன்று பாகிஸ்தானில், பலூச்சிகளின் கரையில் இருக்கும் குவாதர் 1958 வரை ஓமானிடம்தான் இருந்தது. எங்கள் ஸ்டோர் சூப்பர்வைசர் ஓமானியர். எங்களோடு இந்தி, முதலாளியோடு அரபி, அம்மாவிடம் போனில் சுவாஹிலி. சுவாஹிலி பேசும் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஸான்ஸிபாரை ஓமான் வம்சத்து சுல்தான்கள் ஆண்டார்கள். 1964 புரட்சிக்குப் பின் அங்கிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. இவர்கள் எல்லாரையும் ‘அரபிகள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் எப்படி?

வடக்கே நிஸ்வா ஊர்ப் பக்கத்து ஃபலஜ் வாய்க்கால்களுக்குத் தனிக் கட்டுரையே போடலாம். நிலத்தடி நீரை மலையடிவாரத்திலிருந்து சரிவாகவே கொண்டுவந்து, முறைவைத்துத் தோட்டங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். நாடு முழுக்கச் சுமார் 3,000 வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன.

கடைசியாக, உங்கள் வரைபடத்தில் முஸந்தம் முனையை எமிரேட்ஸோடு சேர்த்துவிட்டீர்கள். ஹோர்முஸ் நீரிணைக்குத் தெற்கே உள்ள அந்தப் பகுதி ஓமானுடையது. நடுவில் எமிரேட்ஸ் நிலம் இருப்பதால் தனியாகத் தெரியும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ராமநாதபுரம்