கவர்னரின் மனைவி என்று மட்டும் சொன்னால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் முன்பு கவர்னராக இருந்த கிஃபர்ட் பிஞ்சோவைப் பற்றி, அமெரிக்கக் காடுகளைக் காத்தவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், சரிதான், ஆனால் அவர் மனைவி கொர்னீலியா ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார் என்பது எனக்கு வருத்தம். 1914-ல் திருமணம் ஆவதற்கு முன்பே அரசியலில் இறங்கியவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடினார். 1933-ல், கணவர் கவர்னராக இருக்கும்போதே, ஆலன்டவுன் பக்கம் சட்டைத் தொழிற்சாலைகளில் அற்பக் கூலிக்கு உழைத்த சிறுவர் சிறுமியர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு மறியலில் போய் நின்றார். எந்த ஊரில் இது நடக்கும், சொல்லுங்கள்! அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நடந்த தேர்தலிலும் நின்றார், ஜெயிக்கவில்லை.

அப்புறம் மில்ஃபோர்டில் உள்ள, பிஞ்சோ குடும்பத்தின் கிரே டவர்ஸ் மாளிகை. இருண்டு கிடந்த அந்தக் கல்வீட்டின் சுவர்களை இடித்து அறைகளை விரித்து, தோட்டம் போட்டு, வெளியே தண்ணீர் நிறைந்த மேசை ஒன்றும் அமைத்தார். விருந்தினர் சுற்றி உட்கார, உணவு மரக்கிண்ணங்களில் மிதந்து வரும். அவர் 1960-ல் இறந்தார். மூன்று ஆண்டுகளில் மகன் அந்த வீட்டை வனத்துறைக்குக் கொடுத்துவிட, அதிபர் கென்னடியே விழாவுக்கு வந்தார். இன்று யாரும் போய்ப் பார்க்கலாம். அடுத்த முறை பிஞ்சோ பற்றிக் கட்டுரை போடும்போது கொர்னீலியாவுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.