இறைவணக்கக் கூட்டத்தில் அந்த ஒரு நிமிடம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. சின்னவள் பள்ளியின் இறைவணக்கக் கூட்டத்தில் விழுந்ததையும், கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்ததையும், யாரோ ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்ததையும், அன்று மாலைக்குள் தெருவே "காக்காய் வலிப்பு" என்று பேசத் தொடங்கிவிட்டதையும் படித்தபோது மனம் பதறிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈஈஜியும் சரியாக இருக்கிறது, ஆனாலும் மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் என் மகனை அழைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இரண்டு ஆண்டுகள் அலைந்தவள் என்பதால், எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவனுக்கு அப்போது 15 வயது. காய்ச்சலுக்காக இரத்தம் எடுக்கப் போன இடத்தில், ஊசி குத்திய சற்று நேரத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தான். கைகள் நாலைந்து முறை துடித்தன. பார்த்தவர்கள் வலிப்பு என்றார்கள், நாங்கள் போய்ப் பார்த்த மருத்துவரும் அதையே எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் வகுப்பில் தூங்கி வழிந்தான். பிறகு ஒரு மூத்த நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்கேன் படங்களைக் கையில் எடுப்பதற்கு முன்பே, விழுந்த அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அரைமணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான், முகம் வெளுத்ததா நீலம் பாரித்ததா, மரம்போல் விறைத்து விழுந்தானா துணிபோல் துவண்டு விழுந்தானா, எழுந்ததும் அம்மாவை அடையாளம் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, இது வலிப்பு இல்லையம்மா, சாதாரண மயக்கம் என்றார்.

மயக்கத்தில் கை கால் எப்படித் துடிக்கும் என்றுதான் நானும் கேட்டேன். மூளைக்குப் போகும் இரத்தம் சில விநாடிகள் குறைந்தாலே உடம்பு துடிக்கும் என்று விளக்கினார். 1994இல் ஜெர்மனியில் நல்ல உடல்நலமுள்ள தன்னார்வலர்களை வேண்டுமென்றே மயங்கச் செய்து படம் பிடித்திருக்கிறார்கள். முழுமையாக நினைவிழந்த 42 பேரில் 38 பேருக்குத் துடிப்பு வந்திருக்கிறது. ஆக, துடித்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வலிப்பு என்று முடிவுகட்ட முடியாது. சிறுநீர் போய்விட்டதையும் பெரிய அடையாளமாகச் சொல்வார்கள், அதுவும் இரண்டிலும் வரும்.

வேறுபாடு அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றில்தான் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வெயிலில் நெடுநேரம் நின்றபோதோ இரத்தத்தைக் கண்டபோதோ கண் இருட்டி, காது அடைத்து, வியர்த்து, முகம் வெளுத்துத் துவண்டு விழுந்து, ஒழுங்கில்லாமல் சில முறை துடித்து, அரை நிமிடத்துக்குள் கண் விழித்து "நான் விழுந்துவிட்டேனா?" என்று தெளிவாகக் கேட்டால் அது பெரும்பாலும் மயக்கம். வலிப்பிலோ உடல் திடீரென விறைக்கும், சில நேரம் ஓர் அலறல் எழும், கண்கள் திறந்தபடி இருக்கும், ஒன்றிரண்டு நிமிடங்கள் சீரான தாளத்தில் வெட்டும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும். எழுந்த பிறகும் வெகுநேரம் குழம்பிக் கிடப்பார்கள், உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல வலிக்கும். உன் மகள் ஐந்து நிமிடத்தில் தன் புத்தகப்பையைத் தேடினாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன்.

மயக்கம் என்றே முடிவானாலும், இதயத்தின் துடிப்பைப் பதிவு செய்யும் ஈசிஜியை எடுக்காமல் விட்டுவிடாதே. இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் சில பிறவிக் குறைகள் வலிப்பைப் போலவே தோற்றம் காட்டும். ஓடும்போதோ நீந்தும்போதோ திடீர்ச் சத்தம் கேட்டோ விழுந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதை மருத்துவரிடம் நீயே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த ஆண்டில் ஒரு பெண், வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாதி வரியில் நின்றுவிடுவாள், பத்து விநாடி வெறித்துப் பார்ப்பாள், பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்வாள். கவனம் இல்லை என்று அவளைப் பலமுறை நிற்க வைத்தேன். பிறகு ஒரு மருத்துவர் அவளை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு வாங்கி விடச் சொன்னபோது, அவர் கண் முன்னாலேயே அது வந்தது. அதுவும் வலிப்புதான், விழவும் இல்லை, துடிக்கவும் இல்லை. அந்தக் குழந்தையின் முகம் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறாது என்பதால் ஒன்று கேட்கிறேன். தலையில் சூடான நீரை மொண்டு ஊற்றும்போது சின்னவள் எப்போதாவது வெறித்ததுண்டா, பிதற்றியதுண்டா? வெந்நீர் வலிப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. நம் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அது மிகுதி, பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் பல ஆண்டுகளாக அதை ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் நீரின் சூட்டைக் குறைப்பதே பாதி மருந்து.

வலிப்பைப் போலவே தோன்றும் இன்னொரு வகையை "நடிப்பு" என்று சொல்லி அடிப்பதையும், வெங்காயத்தைக் கசக்கி மூக்கில் வைப்பதையும் நீயும் பார்த்திருப்பாய். கண்களை இறுக மூடிக்கொண்டு, தலையை இருபுறமும் ஆட்டி, நின்று நின்று பல நிமிடங்கள் நீளும். மூளையின் மின்னோட்டக் கோளாறு அதில் இல்லை, ஆனால் அவர்கள் நடிப்பதும் இல்லை. அது அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாத உண்மையான நோய். அதற்கு உதவுவது வலிப்பு மாத்திரை அன்று, பொறுமையான உளவியல் சிகிச்சை.

ஈஈஜி சரியாக இருப்பதால் வலிப்பு இல்லை என்றும் ஆகிவிடாது, வலிப்பு உள்ள பலருக்கும் இடைப்பட்ட நேரத்தில் அது சரியாகவே இருக்கும். ஆகவே என் கடிதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதே, மாத்திரை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீயாக நிறுத்தவும் நிறுத்தாதே. ஒரு நரம்பியல் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேள். மாத்திரையின் பெயரையும் பார். வால்ப்ரோயேட் என்றால், பின்னாளில் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது என்பதால், வளர்ந்த பெண்ணுக்கு வேறு வழி இல்லையா என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு.

மீண்டும் வந்தால் வாயில் எதையும் வைக்க வேண்டாம், இரும்பும் வேண்டாம், பிடித்து அழுத்தவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனை. ஒருவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும், அதைப் பார்க்கும் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

உன் மாமியார் இப்போதே கல்யாணத்தை நினைத்து அழுகிறார் என்று எழுதியிருக்கிறாய். வலிப்பைக் காரணம் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாததாக்கும் பிரிவை 1999இலேயே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று அவரிடம் சொல்.

அன்று அவள் பக்கத்தில் நின்ற பிள்ளைகளை ஞாயிறன்று வீட்டுக்கு அழைத்து, ஒவ்வொருவரும் கண்டதைத் தனித்தனியே எழுதி வாங்கு. நாள் கடந்தால் ஊர் சொன்னதே அவர்கள் பார்த்ததாக மாறிவிடும். மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தெரிவி, நானும் காலை வண்டியில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி