நீல விளக்கு மின்னினால் வயர் முழுவதையும் மாற்றத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் விட்டுப் புல் எழும்பத் தொடங்கும் ஏப்ரல் மாதத்தில், ஜேர்மனியில் தோட்டத்தோடு வீடு வாங்கியிருக்கும் நம்மவரிடையே ஒரே முறைப்பாடுதான். புல்வெட்டும் ரோபோ இருந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறது. சார்ஜ் நிலையத்தில் நீல விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கிறது. கடையில் கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் எல்லை வயர் பழுது, முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்பார்கள். அல்லது வயரே வேண்டாம், செய்மதியைப் பார்த்து ஓடும் புது ரோபோ வாங்குங்கள் என்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் வீண்செலவு. இருநூறு மீற்றர் வயரில் பழுது இருப்பது அநேகமாக ஒரே இடத்தில், ஒரு விரற்கடை நீளத்தில். அந்த இடத்தைப் பிடிக்க மின் அளவைக் காட்டும் ஒரு மல்ரிமீற்றரும் பழைய வானொலியும் ஒரு சனிக்கிழமைப் பின்னேரமும் போதும்.

வயரில் ஓடுவது வீட்டு மின்சாரம் அல்ல. நிலையம் சிறிய அழுத்தத்தில் துடிப்புகளை அனுப்புகிறது. அவை தோட்டத்தைச் சுற்றி ஓடித் திரும்பவும் நிலையத்துக்கே வந்து சேர வேண்டும். ஓட்டம் இருந்தால்தான் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். ரோபோ அந்தப் புலத்தின் திசையை வைத்துத்தான் தான் எல்லைக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்று அறிகிறது. வட்டம் எங்கே அறுந்தாலும் ஓட்டம் முழுவதும் நின்றுவிடும். ரோபோவுக்குக் கண் தெரியாது. எனவே தேட வேண்டியது அறுந்த இடத்தை. பற்றறியையோ வெட்டும் அலகுகளையோ அல்ல.

வயரைத் தொடுவதற்கு முன் விளக்கைப் பார்க்கவும். இங்கே அதிகம் பாவனையில் உள்ள ஹஸ்க்வார்னா ஓட்டோமோவர் நிலையங்களில் நிலையான பச்சை என்றால் சிக்னல் சரி. மின்னும் நீலம் எல்லை வயர் அறுந்ததைக் காட்டுகிறது. மின்னும் மஞ்சள், ரோபோவுக்கு நிலையத்துக்கு வழிகாட்டும் இன்னொரு வயரான வழிகாட்டி வயர் அறுந்ததை. மின்னும் சிவப்பு வந்தால் நிலையத்தின் தட்டில் உள்ள அன்ரெனாவில் பழுது. நிலையான சிவப்பு என்றால் உள்ளே இருக்கும் சர்க்கியூட் போர்ட் போய்விட்டது. இந்தச் சிவப்பு இரண்டும் தோட்டத்தில் திருத்தக்கூடியவை அல்ல. மின்னும் பச்சையைப் பழுது என்று நினைத்து மண்ணைக் கிண்டுபவர்களும் உண்டு. அது எக்கோ நிலை மட்டுமே. ரோபோ நிலையத்தில் இருக்கும்போது சிக்னலை நிறுத்தி மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. எக்கோ போட்டிருப்பவர்கள் ரோபோவை நிலையத்திலிருந்து கையால் எடுப்பதற்கு முன் ஸ்டொப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் தூக்கிப் புல்லில் வைத்தால் ‘லூப் சிக்னல் இல்லை’ என்ற செய்தி வரும், வயரில் ஒரு குறையும் இல்லாமலே. மற்றக் கொம்பனிகளின் விளக்கு நிறங்கள் வேறுபடும்; கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தது நிலையத்தின் பின்பக்கம். வயர் நுனிகளில் இருக்கும் சிறிய கிளிப்களைக் கழற்றிப் பார்க்கவும். செம்பு பச்சை பூத்திருந்தாலோ, கிளிப் தோலை மட்டும் பிடித்துக்கொண்டு செம்பைத் தொடாமல் இருந்தாலோ, பழுது அங்கேயே முடிந்தது. நுனியை வெட்டி, புதுக் கிளிப்பைப் போட்டுக் குறட்டால் இறுக்கினால் சரி. வயரை எடுத்தெடுத்துப் பூட்டும் இடம் இது ஒன்றுதான் என்பதால் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

அங்கே எல்லாம் சரியாக இருந்தால் மல்ரிமீற்றரை எடுக்கலாம். பத்துப் பதினைந்து யூரோ விலையுள்ளதே போதும். நிலையத்தின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஏ.எல், ஏ.ஆர், ஜி1 என்று குறித்த மூன்று வயர்களையும் நிலையத்திலிருந்து கழற்றவும். ஏ.எல், ஏ.ஆர் இரண்டும் எல்லை வயரின் இரு நுனிகள். ஜி1 வழிகாட்டி வயர். அது தோட்டத்தின் நடுவால் போய் எதிர்ப்பக்கத்தில் எல்லை வயரோடு சேர்கிறது. இப்போது மின்தடையைக் காட்டும் ஓம் அளவில் வைத்து மூன்று தடவை அளக்கவும்: ஏ.எல்லுக்கும் ஏ.ஆருக்கும் இடையே, ஏ.எல்லுக்கும் ஜி1-க்கும் இடையே, ஏ.ஆருக்கும் ஜி1-க்கும் இடையே. ஏ.எல்–ஜி1 ஓடி (மீற்றர் சில ஓம் காட்டி), ஏ.ஆர்–ஜி1 ஓடாவிட்டால் (அளவு ஒன்றும் வராவிட்டால்), ஏ.ஆர் பக்கத்திலிருந்து வழிகாட்டி சேரும் மூட்டு வரைக்குமான துண்டில்தான் பழுது. மறுபுறமும் இதே கணக்கு. ஜி1 சம்பந்தப்பட்ட இரண்டும் ஓடாமல் ஏ.எல்–ஏ.ஆர் மட்டும் ஓடினால் எல்லை வயர் நலம், வழிகாட்டிதான் அறுந்திருக்கிறது. மூன்றுமே ஓடாவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. அப்படியானால் அண்மையில் யார் மண்வெட்டியோடு தோட்டத்தில் நின்றார்கள் என்று விசாரிப்பதே சுருக்கமான வழி.

மல்ரிமீற்றர் இல்லாதவர் நிலையத்தையே மீற்றராகப் பாவிக்கலாம். ஏ.எல்லையும் ஜி1-ஐயும் இடம் மாற்றிச் சொருகி மின்சாரத்தைக் கொடுக்கவும். நீலம் மறைந்தால் பழுது ஏ.எல் பக்கத் துண்டில். மறையாவிட்டால் பழையபடி போட்டுவிட்டு ஏ.ஆரையும் ஜி1-ஐயும் மாற்றிப் பார்க்கவும்.

அளவு எவ்வளவு வர வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் நூறு மீற்றருக்கு ஏறக்குறைய 2.3 ஓம் காட்டும், 0.5 என்றால் 3.4 ஓம். மலிவு வயர்களில் பல, அலுமினியத்துக்குச் செம்பு பூசியவை. அவற்றில் இது ஒன்றரை மடங்கு ஆகும். ஆகவே இருநூறு மீற்றர் எல்லைக்கு ஐந்து முதல் பத்து ஓம் வந்தால் கவலையில்லை. நாற்பது, நூறு என்று வந்தால் வயர் அறவில்லை, ஏதோ ஒரு மூட்டு உக்குகிறது. சிலருடைய ரோபோ காலையில் நின்று மத்தியானம் ஓடுவதற்கும், மழைக்கு ஓடி வெயிலுக்கு நிற்பதற்கும் காரணம் இதுதான். குளிரில் செம்பு சுருங்கும்போது உக்கிய மூட்டு விலகுகிறது. சூட்டில் திரும்பத் தொடுகிறது. ஈரம் சேர்ந்தால் அந்த இடைவெளியால் சிறிது ஓட்டம் கசிந்து போகும். இதற்கு ரோபோவின் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்து பிரயோசனம் இல்லை.

எந்தத் துண்டு என்று தெரிந்த பிறகு இடத்தைத் தேட வேண்டும். இங்கேதான் பழைய வானொலி வருகிறது. மத்திய அலை எடுக்கும் சிறிய பற்றறி வானொலியை ஒலிபரப்பு எதுவும் கேட்காத அலைவரிசையில் வைத்து, வயருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் துடிப்புகள் கரகரவென்று கேட்கும். ஜேர்மன் பொதுச்சேவை வானொலியான டொய்ச்லான்ட்ஃபுங் 2014 முடிவில் நெட்டலையையும் 2015 முடிவில் மத்திய அலையையும் நிறுத்திவிட்டதால் பகலில் அந்த அலைவரிசை கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடக்கிறது. இந்த வேலைக்கு அது வசதி. முதலில் நிலையத்துக்குப் பக்கத்தில் சத்தத்தைக் காதுக்குப் பழக்கிக்கொண்டு, வயர்ப் பாதையில் மெதுவாக நடக்கவும். சத்தம் மங்கி விழும் இடத்தில் ஒரு குச்சியைக் குத்தவும். மறுநுனியிலிருந்தும் அவ்வாறே வரவும். இரண்டு குச்சிக்கும் இடையில் கிண்டினால் போதும்.

வட்டம் அறுந்ததை உணர்ந்ததும் சிக்னலையே நிறுத்திவிடும் நிலையங்களும் உண்டு. அவற்றில் வானொலி ஊமையாகத்தான் இருக்கும். அதற்கென்று விற்கும் தேடும் கருவியை இரவல் வாங்கலாம்: அனுப்பும் பெட்டியின் ஒரு வயரை எல்லை வயரின் நுனியிலும் மற்றதை ஈரமண்ணில் குத்திய கம்பியிலும் கொழுவி, கையில் உள்ள பெட்டியோடு நடப்பது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது பாதியாகப் பிரிக்கும் முறை. அறுந்த துண்டின் நிலையப் பக்க நுனியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு புது வயரைக் கொழுவி, அதன் மறுநுனியைச் சந்தேகத் துண்டின் நடுவில் இணைக்கவும். பச்சை வந்தால் பழுது நீங்கள் தாண்டி வந்த பாதியில். நீலம் தொடர்ந்தால் எஞ்சிய பாதியில். நூற்றிருபது மீற்றர் இப்படி நாலு தடவையில் ஏழெட்டு மீற்றராகக் குறைந்துவிடும். அந்த ஏழெட்டு மீற்றரைத் தேடிக் கிண்டுவதைவிடப் புது வயரால் மாற்றுவதே சுகம்.

இனி, இந்தக் கடிதத்துக்கே காரணமான விசயம்: மூட்டு. வயரை முறுக்கிக் கறுப்பு ரேப் (ஒட்டுநாடா) சுற்றிப் புதைப்பதுதான் அடுத்த வருடப் பழுதின் விதை. ரேப் மண்ணில் ஈரத்தைத் தடுக்காது, உள்ளே பிடித்து வைத்திருக்கும். பௌமார்க்டில் (கட்டுமானப் பொருள் கடையில்) விற்கும், திருகாணியால் வயரை இறுக்கும் லூஸ்டர்கிளெம்மயும் அப்படியே. அது வீட்டுக்குள்ளே சீலிங் விளக்குக்குக் கண்டுபிடித்தது, புல்லுக்கு அடியில் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் அதன் திருகாணி துருப்பிடித்துவிடும். பாவிக்க வேண்டியது ஜெல் நிரப்பிய, மேலே பொத்தான் உள்ள சிறிய இணைப்பி. அதற்கு வயரின் தோலை உரிக்கக் கூடாது. நுனிகளை வெட்டியபடியே துளைக்குள் விட்டு, மறுபக்கக் கண்ணாடிப் பகுதியில் நுனி தெரியும்வரை தள்ள வேண்டும். எந்தத் துளை எந்த வயருக்கு என்பது பொருட்டில்லை. பிறகு அகல வாய்க் குறட்டால் பொத்தானை முற்றாகக் கீழே அமுக்கவும். விரலால் அமுக்கினால் பாதிதான் இறங்கும். இன்றைக்கு ஓடும், ஐப்பசியில் நிற்கும். சரியாக இறங்கினால் பொத்தான் மேற்பரப்போடு சமனாகி, ஓரத்தால் ஜெல் கொஞ்சம் பிதுங்கும்.

வெட்டிய இடத்தில் செம்பின் நிறத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் ஈரம் தோலுக்குள்ளால் ஏறியிருக்கிறது. அது பத்துச் சென்ரிமீற்றர் தூரமும் போயிருக்கும், அரை மீற்றரும் போயிருக்கும். மினுங்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டியதால் குறைந்த நீளத்தை இழுத்துச் சமாளிக்கக் கூடாது. இழுபட்ட வயர் அடுத்த பனிக்கு மூட்டிலிருந்து கழன்றுவிடும். இருபது முப்பது சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை இடையில் வைத்து இரண்டு இணைப்பி போடுவதுதான் முறை. மிஞ்சும் வயரைச் சுருளாகச் சுற்றிப் புதைப்பதும் பிழை. சுருள் தன்பாட்டுக்கு ஒரு புலத்தை உண்டாக்கி ரோபோவைக் குழப்பும்.

வயர் ஏன் அறுகிறது? இங்கே முதற் குற்றவாளி வசந்தத்தில் புல்தரையைக் கீறும் வேர்ட்டிகுட்டீரர். முளையடித்து மேற்பரப்பில் விட்ட வயர் இருக்கும் தோட்டத்தில் அந்த மெஷினை ஓரத்துக்குக் கொண்டு போகவே கூடாது. அடுத்தது பூப்பாத்தியின் ஓரத்தை வெட்டும் மண்வெட்டி, பிறகு எலி, மரவேர். முளைகளை 75 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக அடித்தால் வயர் தூக்காது. அதைவிடத் தூரமாக அடித்துவிட்டு ரோபோவே தன் வயரை வெட்டியது என்று நோவதில் அர்த்தமில்லை. புதைப்பதானால் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் வேண்டாம், சிக்னல் பலவீனமாகும்.

பச்சை எரிந்தும் ரோபோ ‘வேலைப் பகுதிக்கு வெளியே’ என்று சொல்லி நின்றால் வயர் அறவில்லை. ஏ.எல், ஏ.ஆர் மாறிச் சொருகப்பட்டிருக்கலாம். மரத்தைச் சுற்றிய வளையத்தில் போகும் வயரும் வரும் வயரும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டியிருக்கலாம். அவை ஒட்டி ஓட வேண்டும், குறுக்கிடக் கூடாது. பக்கத்து வீட்டிலும் ரோபோ இருந்தால் அதன் சிக்னல் குழப்பலாம்; அப்போது உங்கள் ரோபோவை நிலையத்தில் விட்டு மெனுவில் ‘புதிய லூப் சிக்னல்’ எடுக்கலாம்.

இடி மின்னல் எதிர்பார்க்கப்படும் நாளில் மின்சாரத்தையும் மூன்று வயர்களையும் கழற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் மேலே சொன்ன நிலையான சிவப்பைக் காண நேரிடும். கழற்றும் முன் நுனிகளில் ஏ.எல், ஏ.ஆர், ஜி1 என்று எழுதி ஒட்டவும். குளிர்காலத்துக்கு நிலையத்தை உள்ளே எடுப்பவர்கள் வயரை மண்ணிலேயே விடலாம். நுனிகளை மட்டும் கிறீஸ் நிரப்பிய ஒரு சிறு டப்பாவுக்குள் செருகி வைத்தால் ஈரம் ஏறாது.

திருத்தி முடிந்ததும் வளர்ந்துபோன புல்லைப் பிடிக்க ரோபோவை இரவு பகலாக ஓடவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். இரவில் வெளியே வரும் முள்ளெலிகள் ஓடாமல் சுருண்டு கிடக்கும், அலகில் மாட்டுப்படும். கொல்ன் நகரசபை 2024இல் இரவு ஓட்டத்தையே தடை செய்தது. புல் பத்துச் சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தால் முதலில் சாதாரண மெஷினால் ஒருமுறை வெட்டிவிட்டு, ரோபோவை உயர்ந்த அளவில் விட்டு நாளுக்கு நாள் இறக்கவும். போட்ட புது மூட்டு வேலியிலிருந்து, சுவரிலிருந்து எத்தனை மீற்றரில் இருக்கிறது என்று அளந்து எழுதி, புல் மூடுவதற்கு முன் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தோட்ட மெஷின் திருத்தும் வாசகர்கள்,
டோர்ட்முண்ட், ஜேர்மனி