உறைபான இயந்திரத்தின் கலவை ஜார்: வடிவமைப்புக் குறை பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், பொருள் வடிவமைப்புப் பிரிவு
நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மேலே ஐஸ் துருவியும் கீழே 1.5 லிட்டர் கலவை ஜாரும் கொண்ட வீட்டு உபயோக உறைபான (துருவிய ஐஸும் பானமும் கலந்த கூழ்) இயந்திரம் – ஜார் ஐஸைச் சீராகக் கலக்காமை – திருத்திய வடிவில் மாற்று ஜார் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் முதல் புகாருக்கு உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதிலில் மூன்று வழிகள் சொல்லப்பட்டிருந்தன: திரவத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், இன்னும் ஒரு நிமிடம் ஓடவிடலாம், அப்படியும் சரிவராவிட்டால் அதே மாடல் ஜாரை இலவசமாக மாற்றித் தருவீர்கள். இந்த மூன்றாலும் குறை தீராது. மோட்டாரில் பழுது இல்லை. பிளேடு மழுங்கவில்லை. துருவியும் ஐஸை மெல்லிதாகச் சீவித்தான் தள்ளுகிறது. கோளாறு ஜாரின் வடிவத்தில் இருக்கிறது. அதே அச்சில் வார்த்த ஜார் எத்தனை வந்தாலும் இப்படித்தான் கலக்கும்.

நடப்பது இது. கையேட்டில் உள்ளபடி 350 மில்லி இனிப்புப் பானம் ஊற்றி, 400 கிராம் ஐஸைத் துருவ விட்டால், பிளேடு ஓடத் தொடங்கிய முதல் சில விநாடிகள் சுழி உண்டாகி ஐஸ் உள்ளே இறங்குகிறது. பிறகு மோட்டாரின் சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்று உயர்கிறது. அந்த நொடியில் பிளேடு பானத்தை வெட்டுவதை விட்டுவிட்டுக் காற்றுக் குழிக்குள் சுற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு நேரம் ஓடினாலும் மேலே நிற்கும் ஐஸ் அசைவதில்லை. நிறுத்திப் பார்த்தால் மேலே உலர்ந்த வெள்ளை ஐஸ், நடுவே நுரை, அடியில் தண்ணீர் போன்ற பானம். ஊற்றும்போது முதலில் திரவம் மட்டும் வரும். கடைசியில் ஐஸ் கட்டியாகத் திரண்டு மொத்தமாகக் கோப்பையில் விழும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஜாரின் உள்ளளவுகளே விடை சொல்கின்றன. அடியில் விட்டம் 80 மி.மீ., வாயில் 130 மி.மீ., உயரம் 170 மி.மீ. வட்டமான, மழமழப்பான சுவர். அடி தட்டை, அதற்கு 20 மி.மீ. மேலே பிளேடு. பிளேடு நுனிகள் போடும் வட்டம் 58 மி.மீ.

முதல் குறை, அதிலும் பெரிய குறை, அந்த மழமழப்பான வட்டச் சுவர்தான். நடுவில் சுழலும் பிளேடைச் சுற்றி எந்தத் தடையும் இல்லாவிட்டால் திரவமும் பிளேடோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் குறையக் குறைய வெட்டும் குறையும், மேலிருந்து கீழே இழுப்பும் குறையும். நடுவில் சுழி மட்டும் ஆழமாகிக்கொண்டே போகும். இந்த ஜாரில் 350 மில்லி பானம் அடியிலிருந்து ஏறக்குறைய 57 மி.மீ. உயரம்தான் நிற்கிறது. பிளேடுக்கு மேலே 37 மி.மீ. கூடத் தாராளமாக இல்லை. அவ்வளவு ஆழத்தைத் துளைத்துக்கொண்டு சுழி பிளேடைத் தொடச் சில விநாடிகள் போதும். தொட்டதும் காற்று உள்ளே போகிறது, நுரை வருகிறது.

சாதாரண மிக்ஸி ஜாரில்கூட ஃப்ளோ பிரேக்கர் என்று உள்சுவரில் மேடுகள் வைக்கிறார்கள். தொழிற்சாலைக் கலவைத் தொட்டிகளில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை அகலமுள்ள நான்கு தடுப்புகள் வைப்பது நெடுநாளைய வழக்கம். உங்கள் ஜாருக்கு அந்தக் கணக்கு 8 மி.மீ. அளவில் வரும். ஐஸையே முதல் வேலையாகக் கொண்ட ஜாரில் மட்டும் அந்த மேடுகள் ஏன் இல்லை? வெளியிலிருந்து பார்க்கக் கண்ணாடிக் குவளை போலத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மேடுகளை அடியிலிருந்து விளிம்புவரை நீட்டிவிட வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த சிக்கல் கூடும். அது ஐஸ் வளைவு. உறைபெட்டியிலிருந்து சுமார் −18 டிகிரியில் எடுத்த ஐஸைத் துருவினால் துருவல் உலர்ந்து விழும். ஒன்றின்மேல் ஒன்று அழுந்திக் கிடந்தால் தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்ளும். கீழே குறுகிக்கொண்டே போகும் சுவரில் இப்படி ஒட்டிய குவியல் பக்கங்களை முட்டுக்கொடுத்து வளைவாக நின்றுவிடுகிறது. கீழே குழி, மேலே கூரை. உங்கள் ஜாரின் சுவர் செங்குத்திலிருந்து 8 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறது. வார்த்த அச்சிலிருந்து ஜார் கழல 1 முதல் 2 டிகிரிச் சாய்வே போதும். மேடுகளும் உச்சிவரை போனால் வளைவுக்கு அவையே தூணாகிவிடும். அவை உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள், மேல்முனை சரிந்து சுவரோடு கலந்து முடிய வேண்டும்.

சாய்வைக் குறைத்தால் அடி அகலமாகித் திரவ மட்டம் இறங்குமே என்று உங்கள் வடிவமைப்பாளர்கள் கேட்பார்கள். சரியான கேள்விதான். அடியில் 95, வாயில் 118 மி.மீ. வைத்துப் பாருங்கள். அதே 170 மி.மீ. உயரத்தில் கொள்ளளவு ஏறக்குறைய அதே 1.5 லிட்டர்; சாய்வு 4 டிகிரிக்குள் வந்துவிடும். பிளேடைத் தரையிலிருந்து 10 மி.மீ. உயரத்துக்கு இறக்கி, அடி மூலையை 20 முதல் 25 மி.மீ. ஆரத்தில் கிண்ணம் போல வளைத்தால், பிளேடுக்கு மேல் நிற்கும் பானத்தின் ஆழம் இப்போதிருப்பதைவிடக் குறையாது. பிளேடின் நீளத்தைக் கூட்ட வேண்டாம். நுனி வட்டம் கொஞ்சம் பெரிதானாலே மோட்டாரின் சுமை வெகுவாக ஏறும். நான்கு இறக்கைகளில் இரண்டைக் கீழ்நோக்கி மடித்தால் போதும். இப்போது நான்கும் மேல்நோக்கியோ படுக்கையாகவோதான் இருக்கின்றன.

அந்தத் தட்டை அடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிளேடுக்குக் கீழே மட்டும் 100 மில்லிக்கு மேல் பானம் தேங்குகிறது. 350 மில்லியில் இது கால்பங்குக்கும் மேல். பாகும் அடர்த்தியான பழச்சாறும் கனம். அவை கீழே தங்குகின்றன. ஐஸ் இலேசு, மேலே மிதக்கிறது. சேர வேண்டிய இரண்டும் பிளேடு எட்டாத இரண்டு முனைகளில் கிடக்கின்றன.

இதை உங்கள் ஆய்வகத்திலேயே சரிபார்க்கலாம். 15 விழுக்காடு சர்க்கரைக் கரைசலை அடர்ந்த நிறமேற்றி ஊற்றி, ஐஸ் சேர்த்து 30 விநாடி ஓட்டுங்கள். நிறுத்தியதும் வெள்ளையாக நிற்கும் பகுதிதான் கலக்காத பகுதி. சுவர் வழியாகவே தெரியும். பிறகு வெப்பமானியை அடியில் வையுங்கள். அந்தக் கரைசலின் உறைநிலை சுமார் −1 டிகிரி. நன்றாகக் கலந்திருந்தால் ஜார் முழுக்க அந்த அளவையொட்டியே காட்ட வேண்டும். இந்த ஜாரில் அடித்திரவம் 3, 4 டிகிரியில் நிற்கிறது, மேலே ஐஸ் உலர்ந்து கிடக்கும்போதே. ஐஸ் போதவில்லை என்பது காரணமல்ல. பானத்தை ஐஸ் சென்று சேரவேயில்லை.

சேவைப் பிரிவின் யோசனைகளுக்கு வருகிறேன். திரவத்தை 500 மில்லி ஆக்கினால் சுழி தாமதமாகத்தான் பிளேடைத் தொடும், உண்மை. ஆனால் 400 கிராம் ஐஸுக்கு 500 மில்லி என்றால் கிடைப்பது ஐஸ் மிதக்கும் பானம், உறைபானம் அல்ல. கூடுதல் நிமிடம் ஓட்டுவது அதைவிட மோசம். 400 வாட் மோட்டார் ஒரு நிமிடத்தில் 24,000 ஜூல் இழுக்கும். அதில் பாதி கலவைக்குள் வெப்பமாகப் போனாலும் 12,000 ஜூல். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல். ஆக ஏறக்குறைய 36 கிராம் ஐஸ், அதாவது போட்டதில் பதினொன்றில் ஒரு பங்கு, கலக்காமலே கரைந்துபோகும். கலப்பதை முதல் அரை நிமிடத்திலேயே முடிப்பதுதான் ஜாரின் வேலை.

இயந்திரத்தின் ஓட்ட வரிசையும் ஜாருக்கு எதிராகவே இருக்கிறது. துருவி மொத்த ஐஸையும் கொட்டி முடித்த பிறகு பிளேடு இடைவிடாமல் ஓடுகிறது. ஐந்து விநாடி துருவல், மூன்று விநாடி கலப்பு, ஒரு விநாடி நிறுத்தம் என்று மாறி மாறி ஓடினால், நிற்கும் அந்த நொடியில் சுழி சரிந்து ஐஸ் தானே கீழே இறங்கும். கைப்பிடிப் பக்கச் சுவரையொட்டி ஐஸ் விழும் வாயையும் ஜாரின் நடுப்பக்கம் திருப்ப வேண்டும். இப்போது குவியல் ஒரே பக்கமாக ஏறி வாயையே அடைத்துவிடுகிறது, துருவி முனகி நிற்கிறது.

மற்றவை சிறியவை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1.5 லிட்டர் விளிம்புவரையான அளவு. சுழி ஏறும்போது மூடி ஓரத்தில் கசியாமல் ஓட்ட முடிவது 1 லிட்டர் அளவுதான். ஜாரில் திரவத்துக்கு ஒரு கோடு, ஐஸ் சேர்ந்த பிறகான உச்சத்துக்கு ஒரு கோடு என இரண்டும் வேண்டும். ஊற்றும் மூக்கு 22 மி.மீ. அகலம், கூழ் அதில் அடைக்கிறது. 40 மி.மீ. வேண்டும், உதடும் கூர்மையாக இருந்தால்தான் சொட்டு ஜாரின் வெளிப்புறமாக வழியாது. பிளேடு தண்டின் புஷ் (தண்டு சுழலும் உறை) வழியாகக் கசியும் பாகு, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரில் உலர்ந்து பசையாகிறது. அடித்தளத்தில் வடிகால் துளை இல்லாததால் அது மோட்டார் பக்கம்தான் போகும்.

என் கோரிக்கைகள் வருமாறு. தற்போதைய அடித்தளத்திலும் கப்ளரிலும் பொருந்தக்கூடிய, உள் மேடுகளும் கிண்ண அடியும் கொண்ட ஜார் உங்களிடம் தயாராக இருந்தால் அதை அனுப்புங்கள். இல்லையென்றால் இயந்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் கொடுத்துவிடுங்கள். அதே மாடல் ஜாரை மாற்றாக ஏற்கமாட்டேன். கையேட்டில் “ஐஸ் கலக்காவிட்டால் மேலும் திரவம் சேர்க்கவும்” என்ற வரியை நீக்கி, ஜாரின் பயன்படு கொள்ளளவை வெளிப்படையாக அச்சிடுங்கள். 15 நாட்களுக்குள் வடிவமைப்புப் பிரிவிலிருந்தே எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். தானியங்கிப் பதிலைப் பதிலாகக் கருதமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைச்சீட்டின் நகல், ஜாரின் உள்ளளவுப் படம், கலக்காத அடுக்குகள் தெரியும் புகைப்படங்கள்