அமைலேஸ் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வயிற்றுவலி பற்றி வந்த மருத்துவக் கட்டுரையில், இரத்தத்தில் அமைலேஸ் என்ற செரிமான நொதியின் அளவு சரியாக இருந்தால் கணைய அழற்சி (கணையம் வீங்கிப் புண்படுதல்) இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. படித்ததும் பதறிப்போனேன். 31 ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். அந்த வரியை நம்பி யாரும் வலியோடு வீட்டில் படுத்துவிடக் கூடாது.

கணையம் திடீரென அழற்சி கண்டால், அது சுரக்கும் அமைலேஸ், லைபேஸ் என்ற நொதிகள் இரத்தத்தில் ஏறுகின்றன. அமைலேஸ் சில மணி நேரத்தில் ஏறி, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் இறங்கிவிடும். நம் மக்களோ மேல்வயிற்று வலியை வாயு என்று எண்ணி, ஓமத் தண்ணீரிலும் மருந்துக்கடை மாத்திரையிலும் நான்கு நாட்களைக் கடத்திவிட்டுத்தான் வருகிறார்கள். என் மைத்துனரும் அப்படித்தான் போனார். அமைலேஸ் சரியாக இருக்கிறது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறிடத்தில் லைபேஸ் பார்த்தார்கள். இயல்பான உச்ச அளவைப் போல் ஆறு மடங்கு! லைபேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் இறங்காமல் நிற்கக்கூடியது. அதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்த ஒரு நாள் வேதனையாவது தவிர்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இரத்தத்தைச் சுழலவிட்டுப் பிரித்தெடுக்கும்போது, சிலருக்குச் சீரம், அதாவது இரத்த அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி, பால் போல வெளுத்திருக்கும். டிரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகம் என்பதற்கு அது அடையாளம். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தக் கொழுப்பே கணையத்தைத் தாக்கக்கூடும். அதே கொழுப்பு அமைலேஸ் அளவையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சீரத்தை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்த்தால் உண்மையான எண் வெளிப்படலாம். அந்த ட்யூபைக் கண்ணால் பார்ப்பவர் ஆய்வக ஊழியர் ஒருவர்தான். எண்ணை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பாமல், சீரம் பால் போல இருந்தது என்று அறிக்கையில் எழுதி, மருத்துவருக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட வேண்டும் என்று இளைய நண்பர்களை மன்றாடிக் கேட்கிறேன்.

பொன்னுக்கு வீங்கி வந்தவருக்கும் அமைலேஸ் ஏறும், உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது இருப்பதால். ஆகவே ஏறியிருந்தாலும் கணையம்தான் என்று முடிவுகட்ட முடியாது. திடீர்க் கணைய அழற்சியை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும், 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறை சொல்வது இதுதான்: கணைய நோய்க்கே உரிய வயிற்றுவலி, இயல்பான உச்ச அளவைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஏறிய நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். நொதி இயல்பாக இருந்தாலும் வலியும் ஸ்கேனும் சேர்ந்து நோயைக் காட்டிவிடலாம்.

பரிசோதனைச் சீட்டில் வலி தொடங்கிய நாளை மருத்துவர்கள் குறிப்பிட்டு அனுப்பினால் ஆய்வகத்துக்குப் பெரிய உதவி. எத்தனையோ ஆயிரம் சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி இருந்தவை மிகச் சில.

அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மன்னார்குடி