பொங்கல் விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பாதவர்கள் விடுமுறை முடிந்ததும் அனுப்பிவிடுங்கள். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். விளையாட்டிலும் குறை சொல்வதற்கில்லை. பசுமைப் படை மாணவர்கள் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை, ஆடுகள் வந்துபோன பிறகும், பிழைத்துவிட்டன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அப்பாக்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

சமத்துவப் பொங்கலுக்கு முதல் நாள் வகுப்பறைகளைத் துடைத்து மாக்கோலம் போடுவது நம் பள்ளி வழக்கம். வீட்டிலிருந்து ஒரு பழைய துணி மட்டும் கொடுத்தனுப்புங்கள் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தோம். துணி வந்தது. கூடவே பினாயில், சோப்புத்தூள், ஆப்பசோடா, எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் என்று ஒரு மளிகைக் கடையே வந்து இறங்கியது. நான்காம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் கூல்டிரிங்ஸ் குடித்துவிட்டுக் கழுவி எடுத்து வைத்தவை. இரண்டிலும் லேசான மஞ்சள் நிறத்தில் ஏதோ தண்ணீர். ஒன்றில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். மற்றதில் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட். அந்த ஆசிட் பாட்டிலில் லேபிள் பாதி உரிந்து, மீதிப் பாதியில் எலுமிச்சம்பழப் படம் பளிச்சென்று தெரிந்தது. ஜூஸ் என்று நினைத்து ஒரு பையன் மூடியைத் திருகிவிட்டான். நெடி மூக்கில் ஏறி அவன் முகத்தைச் சுளித்ததை வகுப்பாசிரியை பார்த்துவிட்டார். பாட்டிலைப் பிடுங்கினார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. தெருவில் இதற்கு மேல் ஏதாவது கேள்விப்பட்டால் நம்ப வேண்டாம்.

அது யார் வீட்டுப் பாட்டில் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் சொல்லப்போவதில்லை. நீங்களும் பள்ளி வாசலில் நின்று விசாரிக்காதீர்கள். கொண்டுவந்த பிள்ளையின் மேல் ஒரு தப்பும் இல்லை. பள்ளி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நம் ஊர்த் தண்ணீரும் எனக்குத் தெரியும். போர்வெல் தண்ணீர் ஓடிய இடமெல்லாம் வெள்ளையாக உப்பு படிந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சைக்கிளில் வருகிறவர் மலிவாக ஆசிட் ஊற்றிக் கொடுக்கிறார், ஊற்றியதும் பொங்கிக் கறை போகிறது. வேலைக்கும் போய்விட்டு வந்து வீட்டையும் பார்ப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் அனுப்பிய வீட்டாரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. “சார், நாங்கள் இயற்கையானதைத்தானே அனுப்பினோம்” என்று கேட்டார்கள். உள்ளே இருப்பது இயற்கையானதா இல்லையா என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கூல்டிரிங்ஸ் பாட்டிலைப் பார்த்தால் அதன் கை தானாகவே நீளும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டாலும் கடுமையாக எரியும், குடித்தால் வாந்தி வரும்.

ஆகவே இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சுத்தம் செய்யும் எந்தத் திரவமும், அது கடையில் வாங்கியதானாலும் வீட்டில் காய்ச்சியதானாலும், பிள்ளைகளின் பையில் இனி பள்ளிக்கு வரக் கூடாது. வந்தால் வாங்கி வைத்துக்கொள்வோம். பெற்றோர் நேரில் வந்துதான் திரும்ப வாங்க முடியும். வீட்டில் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். இப்போது வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். கடைக்குப் போய் ஆசிட் வாங்கி வா என்று பிள்ளைகளை அனுப்பவே கூடாது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு ஆசிட் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. தெரியாது என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் போகி. வீடு முழுவதையும் இழுத்துப்போட்டுக் கழுவப்போகிறீர்கள். பிள்ளைகளும் விடுமுறையில் கூடவே சுற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் எங்கள் அறிவியல் ஆசிரியையும் நானும் பேசியதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் மூச்சு அடைத்துவிடும். எலுமிச்சையும் வினிகரும் அமிலம்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அவற்றை ஊற்றினாலும் இதே வாயுதான் வரும். “இயற்கை முறை” என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை. அந்த வீடியோக்களில் ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரை கிளப்பிக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றின் வேகத்தை இன்னொன்று தின்றுவிடும், கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆப்பசோடாவைத் தனியாகப் போட்டுத் தேயுங்கள். உப்புக்கறைக்கு வினிகரையோ எலுமிச்சைச் சாறையோ தனியாக வையுங்கள்.

குழாயில் படிந்த வெள்ளைக்கு ஒரு துணியை வினிகரில் நனைத்து அரை மணி நேரம் சுற்றி வைத்துவிட்டுப் பழைய பிரஷால் தேய்த்தால் போதும். ரொம்ப நாள் கறை என்றால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். ஆசிட் போல ஒரே ஊற்றில் போகாது, உண்மைதான். ஆனால் ஆசிட் கறையோடு சேர்த்து டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமெண்டையும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மறுபடி அழுக்கு சேரும், மறுபடி ஆசிட் வாங்குவீர்கள். இன்னொன்று, சமையல் மேடையில் கடப்பாக் கல்லோ மார்பிளோ இருந்தால் வினிகரும் எலுமிச்சையும்கூட அங்கே வேண்டாம். அவை சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும்.

பித்தளை விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் புளி இருக்கும்போது வேறெதுவும் எதற்கு? தேய்த்ததும் நன்றாக அலசி உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே திட்டுத்திட்டாகக் கறுக்கும். பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி, ஒரு கைப்பிடி எடுத்து இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்டினால் தரைக்கும் பாத்திரத்துக்கும் துணிக்கும் ஆகும். அதிகமாகக் காய்ச்சி வைக்க வேண்டாம். சில நாளில் புளித்து நாறும். பழத்தோலும் வெல்லமும் போட்டு ஊறவைப்பவர்கள் மூடியை இறுக்கித் திருகி மூலையில் வைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் தினமும் ஒரு தடவை திறந்து வாயுவை வெளியே விட வேண்டும், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

வெள்ளை அடிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்பும் இயற்கையானதுதான். ஆனால் கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் ஒரு துளி விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அதற்காகக் கடைப் பொருள் எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர்தான் சரி. வேப்பிலைத் தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது. வாங்கிய டப்பாவிலேயே, லேபிளோடு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பீரோவில் போடும் பாச்சை உருண்டைக்கும் இதே விதிதான். சின்னப் பிள்ளைகளுக்கு அது மிட்டாய்தான்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு பிள்ளை ஆசிட்டை வாயில் வைத்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். எண்ணெய், தாய்ப்பால், வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

கடிதம் நீண்டுவிட்டது. கண்டிப்பாகப் பேசியது யார் மனதையாவது வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டபோதெல்லாம் வேலையை விட்டுவிட்டு வருகிறீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பேசுகிறீர்கள். சமத்துவப் பொங்கலுக்குக் கரும்பும் வெல்லமும் கேட்காமலேயே கொண்டுவந்து இறக்கினீர்கள். இப்படிப்பட்ட பெற்றோரிடம் உரிமையோடு பேசலாம் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் எல்லோருக்கும், பாட்டிலைச் சட்டென்று கவனித்த எங்கள் நான்காம் வகுப்பு ஆசிரியைக்கும், என் மனமார்ந்த நன்றி.

கூட வந்திருக்கும் துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளன்று பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். குடும்பத்தார் அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்